நாலு பேர், ஒரு பாய், எந்தச் சீட்டு?

கொல்கத்தாவில் சீட்டாடத் தெரிந்த நாலு பேரைத் தேடி அலைய வேண்டியதில்லை. சாயங்காலம் அலுவலகம் விடும் நேரத்தில் சியால்தாவிலிருந்து கிளம்பும் லோக்கல் ரயிலில் ஏறிப் பாருங்கள். எதிரெதிர் இருக்கைகளுக்கு நடுவே, முழங்கால்கள் மேல் ஒரு செய்தித்தாளை விரித்து 'டுவென்டி நைன்' ஓடிக்கொண்டிருக்கும். சுற்றி நிற்கும் எட்டுப் பேர் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். பாடாவுக்குப் பாடா, அதாவது பேட்டைக்குப் பேட்டை, கிளப்புகளில் கேரம் பலகைக்குப் பக்கத்திலேயே ஒரு சீட்டுக்கட்டும் இருக்கும். பிரிட்ஜ் ஆடுகிறவர்கள் தனி வர்க்கம். 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் ஆண்கள் ஜோடிப் பிரிட்ஜில் தங்கம் வாங்கிய பிரணப் பர்தனும் சிப்நாத் சர்க்காரும் இந்த வட்டாரத்துக்காரர்கள்தான். அப்போது ஒருவருக்கு வயது 60, மற்றவருக்கு 56.

இப்படிப்பட்ட ஊரில் புதிதாக ஒரு டிரேடிங் கார்டு கேமைத் தேர்ந்தெடுக்கும் வேலை என் தலையில் விழுந்தது. எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நாலு பேர். லேக் மார்க்கெட் பக்கத்தில் குடியிருக்கும் நான். கீழ்த்தளத்தில் இருக்கும், வங்கியிலிருந்து ஓய்வு பெற்ற வங்காளி ஒருவர். அவரைக் கட்டடமே 'ஜேட்டு' என்றுதான் கூப்பிடும். ஜாதவ்பூரில் படிக்கும் என் அக்கா மகள். அவளுடைய வகுப்புத் தோழன், 'ஒன் பீஸ்' அனிமே பைத்தியம். டுவென்டி நைன் என்றால் இளசுகள் இரண்டும் கொட்டாவி விடும். வீடியோ கேம் என்றால் ஜேட்டு செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். நடுவில் ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கத்தான் இத்தனை பெட்டிகளையும் செயலிகளையும் எங்கள் கையில் ஓட்டிப் பார்த்தோம்.

எங்கள் மேஜையின் குணத்தை முதலில் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் தீர்ப்பு அதில்தான் இருக்கிறது. டுவென்டி நைனுக்கு 32 சீட்டு போதும். ஏழிலிருந்து மேலே உள்ளவை மட்டும். ஜாக்கிக்கு மூன்று புள்ளி, ஒன்பதுக்கு இரண்டு, ஆஸுக்கும் பத்துக்கும் ஒவ்வொன்று. ராஜாவும் ராணியும் வெறும் அலங்காரம். கேரளத்தின் 28-உம் யாழ்ப்பாணத்து 304-உம் இதற்குப் பங்காளிகள். அங்கும் ஜாக்கிதான் பெரிய ஆள், அடுத்தது ஒன்பது. எல்லாவற்றிலும் எதிரே உட்கார்ந்திருப்பவர் உங்கள் ஜோடி. அவரிடம் வாய் திறந்து ஒன்றும் சொல்லக் கூடாது. கண்ணடித்தால் சண்டை வரும். இந்த ஊரில் சீட்டு என்றாலே ஜோடிதான்.

டிரேடிங் கார்டு கேம்களோ பெரும்பாலும் ஒற்றைக்கு ஒற்றை. இருவர் உட்கார்ந்தால் மற்ற இருவர் டீ போட வேண்டியதுதான். இணையத்தில் 'எந்த விளையாட்டு சிறந்தது' என்று அலசுகிறவர்கள் படத்தின் அழகையும் விதிகளின் ஆழத்தையும் பேசுவார்கள். மேஜையில் எத்தனை நாற்காலி என்பதை அநேகமாகக் கேட்பதே இல்லை.

இந்த வகை விளையாட்டே 1993-இல் பிறந்ததுதான். ரிச்சர்ட் கார்ஃபீல்ட் என்ற கணிதவியலாளர் உருவாக்கிய 'மேஜிக்: தி கேதரிங்' அதன் முதல் பிள்ளை. சின்ன வயதில் கொஞ்ச காலம் வங்கதேசத்திலும் நேபாளத்திலும் வளர்ந்தவர் அவர் என்பது இங்கே உட்கார்ந்து படிக்கும்போது ஒரு சின்ன சந்தோஷம். அவர் செய்த புதுமை எளிது: எல்லாருக்கும் பொதுவான ஒரே கட்டை நடுவில் வைப்பதற்குப் பதிலாக, ஆளுக்கொரு கட்டை வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு வருவது. எந்தச் சீட்டைச் சேர்க்கலாம், எதை விடலாம் என்ற யோசனையே பாதி விளையாட்டு. கடையில் பிரித்துப் பார்க்க முடியாத 'பூஸ்டர்' பாக்கெட்டுகளில் சீட்டு விற்கிறார்கள். உள்ளே என்ன இருக்கும் என்பது அவரவர் ஜாதகம்.

இங்கேதான் பணம் கரைகிறது. எங்கள் தெருமுனையில் லாட்டரிச் சீட்டு விற்கும் சின்ன மேஜை ஒன்று இருக்கிறது. மேற்கு வங்கத்தில் அது சட்டப்படி நடக்கிற வியாபாரம். தமிழ்நாட்டில் 2003-லேயே தடை செய்துவிட்டார்கள். பூஸ்டர் பாக்கெட்டைப் பிரிக்கும் விரல்களின் பதற்றத்துக்கும் அந்த மேஜைக்கு முன்னால் நிற்பவரின் பதற்றத்துக்கும் எனக்கு அதிக வித்தியாசம் தெரியவில்லை. நண்பர்களோடு சும்மா ஆடப் போகிறவர்கள் பூஸ்டரை மறந்துவிடுங்கள். கட்டிவைத்த தயார் கட்டுகளை வாங்குங்கள். எங்கள் சோதனை முழுவதும் இந்த ஒரு கொள்கையில்தான் நடந்தது.

கொல்கத்தாவில் கடைக்குள் நுழைந்து கையில் எடுத்துப் பார்க்கச் சுலபமாகக் கிடைப்பது போக்கிமோன். மால்களின் பொம்மைக்கடையிலும் உண்டு, கரியாஹாட் நடைபாதையிலும் உண்டு. இரண்டும் ஒன்றல்ல. நடைபாதையில் தங்க நிறத்தில் மின்னிக்கொண்டு தொங்கும் கட்டுகள் போலி. அசலைப் பார்த்துப் பழகிய கை தொட்டவுடனே சொல்லிவிடும்: அட்டை மெலிசு, பின்பக்க நீலம் வெளிறியிருக்கும், எழுத்துப் பிழை கண்ணில் அடிக்கும். ஒரு சீட்டை டார்ச் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அசல் அட்டையின் நடுவே ஒரு கறுப்புப் படலம் இருப்பதால் வெளிச்சம் அவ்வளவாக ஊடுருவாது. போலியில் தாராளமாக வரும். அதைவிடப் பெரிய சிக்கல், அந்தக் கட்டில் எல்லாமே பலசாலி போக்கிமோன்கள். சக்திச் சீட்டும் பயிற்சியாளர் சீட்டும் பேருக்குக்கூட இருக்காது. விதிப்படி ஆட்டத்தைத் தொடங்கவே முடியாது. அவற்றின் மேல் எனக்குக் கோபம் இல்லை. நாம் சின்ன வயதில் கிரிக்கெட், டபிள்யூ.டபிள்யூ.எஃப். டிரம்ப் கார்டுகளை வைத்து 'உன் உயரம் எவ்வளவு, என் எடை எவ்வளவு' என்று ஆடியது மாதிரி, பள்ளிப் பிள்ளைகள் ஹெச்.பி. எண்ணை ஒப்பிட்டு ஆடிக்கொள்கிறார்கள். அதற்கு அது போதும்.

அசல் போக்கிமோன் சீட்டாட்டம் ஜப்பானில் 1996-இல் வந்தது. 60 சீட்டுக் கட்டு, கையில் ஏழு, பக்கத்தில் கவிழ்த்துவைத்த ஆறு பரிசுச் சீட்டுகள். எதிராளியின் போக்கிமோனை வீழ்த்தும்போதெல்லாம் ஒரு பரிசு. ஆறையும் எடுத்தவர் ஜெயித்தார். ஒரு முறைக்கு ஒரே ஒரு சக்திச் சீட்டுத்தான் பொருத்தலாம். இந்த ஒரு விதியே ஆட்டத்துக்கு ஒரு நிதானத்தைக் கொடுக்கிறது. ஜேட்டுவுக்கு அரைமணி நேரத்தில் புரிந்துவிட்டது. ஆனால் சக்தி கையில் சேராமல் நாலு முறை சும்மா உட்கார்ந்திருந்தபோது அவர் முகம் போன போக்கை நான் பார்த்தேன். பத்து வயதுப் பிள்ளை வீட்டில் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு இதை வாங்கலாம். படம் பார்த்தே பாதி ஆட்டம் ஓடும். நாலு பெரியவர்களுக்கு இருவர் ஆட்டம் என்பதே தடை.

அதன் தம்பியான 'போக்கிமோன் டிசிஜி பாக்கெட்' செயலி 2024 அக்டோபர் கடைசியில் வந்தது. 20 சீட்டுக் கட்டு, மூன்று புள்ளி எடுத்தால் வெற்றி, சக்தி தானாகவே ஊறும். தினமும் இரண்டு பாக்கெட் இலவசமாகப் பிரிக்கலாம். மெட்ரோவில் காளிகாட்டிலிருந்து எஸ்பிளனேட் போய்ச் சேருவதற்குள் ஒரு ஆட்டம் முடிந்துவிடும். ஒரு செயலியாக இதில் குறை சொல்ல அதிகமில்லை. சீட்டு பிரியும் காட்சி, விரலால் கிழிக்கும் அந்த அசைவு எல்லாம் அபாரம். அபாரமாக இருப்பதுதான் பயமும். ஆட்டத்தைவிடப் பாக்கெட் பிரிப்பதே முக்கியம் என்று மெல்ல மெல்லப் பழக்கிவிடுகிறது. அக்கா மகள் ஆட்டமே ஆடாமல் பாக்கெட்டை மட்டும் பிரித்துவிட்டுச் செயலியை மூடுகிறாள். நாலு பேர் ஒரே அறையில் அவரவர் போனைக் குனிந்து பார்த்துக்கொண்டிருப்பதற்கு 'அட்டா', அதாவது கூடி உட்கார்ந்து அடிக்கும் அரட்டை, என்று பெயர் வைக்க ஜேட்டு சம்மதிக்கவில்லை.

தோழனின் சிபாரிசு, சொல்ல வேண்டுமா, 'ஒன் பீஸ்' சீட்டாட்டம். பண்டாய் நிறுவனம் 2022-இல் வெளியிட்டது. 50 சீட்டு, ஒரு தலைவன், 'டான்' எனப்படும் பத்துச் சீட்டுகள். இதன் பெரிய நற்குணம் அந்தப் பத்து. முறைக்கு இரண்டாக டான் தானே வந்து சேரும். கட்டுக்குள் ஒளிந்துகொண்டு கழுத்தறுக்காது. தலைவன் அடிபட்டால் அவனுடைய உயிர்ச் சீட்டு ஆட்டக்காரரின் கைக்கே வந்துவிடும். அதாவது தோற்றுக்கொண்டிருப்பவருக்குத்தான் ஆயுதம் அதிகம் கிடைக்கும். கடைசி வரை யார் ஜெயிப்பார் என்று சொல்ல முடியாத அந்த இழுபறி எனக்கு மிகவும் பிடித்தது. இருவர் மட்டும் ஆடுவதாக இருந்தால், அதுவும் அனிமே பார்ப்பவர்களாக இருந்தால், இதற்கு மேல் படிக்க வேண்டாம். இரண்டு தொடக்கக் கட்டுகளை வாங்கிக்கொண்டு போங்கள். கதை தெரியாத ஜேட்டுவுக்கோ வைக்கோல் தொப்பிப் பையனும் மூன்று வாள்காரனும் வெறும் பொம்மைகள்.

'யூ-கி-ஓ' பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. சீட்டுக்குச் சீட்டு எறும்பு எழுத்தில் ஒரு பத்தி. முதல் முறையிலேயே ஒருவர் பத்து நிமிடம் தனியாக ஆடிக்கொண்டிருப்பார், எதிராளி ஜன்னலைப் பார்ப்பார். பழைய கட்டுகளை வைத்து ஆடினால் வேறு கதை என்பார்கள். அந்தக் கதைக்கு எங்களிடம் மூக்குக்கண்ணாடி போதவில்லை.

ஜெர்மனியின் ராவன்ஸ்பர்கர் நிறுவனம் 2023-இல் கொண்டுவந்த 'டிஸ்னி லோர்கானா' ஒரு நாகரிகமான விளையாட்டு. எதிராளியின் உயிரைக் குறைப்பது இதில் கிடையாது. யார் முதலில் 20 புள்ளி சேர்ப்பது என்ற ஓட்டப்பந்தயம். கையில் இருக்கும் சீட்டுகளில் பெரும்பாலானவற்றை, முறைக்கு ஒன்றாக, கவிழ்த்துவைத்து மையாக மாற்றிக்கொள்ளலாம். அந்த மையே மற்றச் சீட்டுகளை இறக்கும் பணம். பிடித்த சீட்டையே மையாக்க வேண்டிவரும் அந்தச் சின்ன வலி ஒவ்வொரு முறையும் சுவையாக இருக்கிறது. இருவருக்கு மேலும் ஆடலாம். யாரும் பாதியில் வெளியேற வேண்டியதில்லை. கிட்டத்தட்ட இதைத்தான் எடுத்திருப்பேன். ஆனால் நாலு பேர் ஆடும்போது நாலு தனி ஓட்டம். பக்கத்துக்காரர் என்ன செய்கிறார் என்று எட்டிப் பார்க்கலாம், தோள் கொடுக்க முடியாது. எல்லாரும் சேர்ந்து உர்சுலாவை எதிர்க்கும் தனிப் பெட்டி ஒன்று 2024-இல் வந்தது. அதில் எதிராளி மனிதன் இல்லை. மனிதனைத் தோற்கடிக்காத சீட்டாட்டம் எதற்கு என்பது ஜேட்டுவின் கட்சி.

காசே செலவழிக்க மனமில்லாதவர்களுக்கு ஒரு ரகசியம்: 'நெட்ரன்னர்'. இதுவும் கார்ஃபீல்டின் மூளைதான், 1996. பிறகு வேறொரு நிறுவனம் 2012-இல் புதுப்பித்து, 2018-இல் நிறுத்திவிட்டது. ரசிகர்கள் விடவில்லை. இலாப நோக்கில்லாத 'நல் சிக்னல் கேம்ஸ்' என்ற குழுவாகத் திரண்டு புதிய சீட்டுகளை அவர்களே வெளியிடுகிறார்கள். 'சிஸ்டம் கேட்வே' என்ற தொடக்கத் தொகுப்பை அச்சிட்டுக்கொள்ளும்படி இலவசக் கோப்பாகவே கொடுத்துவிட்டார்கள். ஜெராக்ஸ் கடைக்குக் குறைவில்லாத ஊரில் இதைவிட என்ன வேண்டும்? கல்லூரித் தெருப் பக்கம் கலர் பிரிண்ட் எடுத்து, கத்தரித்து, பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு பழைய சீட்டை முதுகுக்கு வைத்துச் செருகினால், கையில் பிடிக்க அசல் மாதிரியே விறைப்பாக இருக்கிறது. ஒருவர் பெரிய கார்ப்பரேட் நிறுவனம், மற்றவர் அதன் கணினிகளுக்குள் புகும் ஹேக்கர். இரண்டு பேருக்கும் விதிகளே வேறு. கவிழ்த்துவைத்த சீட்டு பொறியா புதையலா என்று முகத்தைப் பார்த்தே கணிக்க வேண்டும். நாங்கள் ஆடிப் பார்த்த அத்தனையிலும் மூளைக்கு அதிக வேலை கொடுத்தது இதுதான். இருவர் ஆட்டம் என்பதால் ஞாயிற்றுக்கிழமைக்கு ஆகவில்லை. வாரநாள் இரவுகளில் நானும் அக்கா மகளும் ஆடுகிறோம்.

எங்கள் ஞாயிறுகளைப் பிடித்துக்கொண்டது கடைசியில் அந்தப் பழைய மேஜிக்தான். அதன் போட்டி வடிவங்களை விட்டுவிடுங்கள். நான் சொல்வது 2024 நவம்பரில் 'ஃபவுண்டேஷன்ஸ்' தொகுப்போடு வந்த தொடக்கப் பெட்டி. அதில் பத்துச் சிறு கட்டுகள், ஒவ்வொன்றிலும் 20 சீட்டு. பூனைகள், காட்டேரிகள், கோப்ளின்கள், கடற்கொள்ளையர், மந்திரவாதிகள் என்று ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு இனம் அல்லது குணம். ஐந்து நிறங்கள், நிறத்துக்கு இரண்டு கட்டு. ஏதாவது இரண்டை எடுத்துச் சேர்த்துக் கலைத்தால் 40 சீட்டு, ஆடத் தயார். கட்டைக் கட்டும் மண்டையிடி இல்லை. நாலு பேர் ஆளுக்கு இரண்டு எடுத்தால் எட்டுத்தான் ஆகும், இரண்டு மிச்சம். ஒரே பெட்டியில் மொத்த மேஜையும் அடங்கிவிட்டது. விலையை நாலாகப் பிரித்தால் ஆளுக்கு ஆயிரத்துக்குள் முடிந்தது. யாரும் யாரைவிடவும் அதிகம் செலவழித்து ஜெயிக்க முடியாது என்பது, சம்பாதிக்காத இரண்டு பேர் இருக்கும் கூட்டத்தில் பெரிய நிம்மதி.

விதிகளைச் சொல்லிக்கொடுக்கும் கையேட்டில் பூனைக் கட்டையும் காட்டேரிக் கட்டையும் கலைக்காமல் வைத்துக்கொண்டு முதல் ஆட்டத்தை முறை முறையாக நடத்திக் காட்டுகிறார்கள். முறைக்கு ஒரு நிலச் சீட்டு இறக்கலாம். நிலத்தைப் பக்கவாட்டில் திருப்பினால் மானா. மானாவைக் கொடுத்தால் பிராணியோ மந்திரமோ இறங்கும். பிராணி அடிக்கும், எதிராளியின் பிராணி குறுக்கே நிற்கும். இவ்வளவுதான் எலும்புக்கூடு. கையேட்டைப் படிக்கப் பொறுமையில்லாத இளசுகள் 'மேஜிக் அரீனா' செயலியில் இலவசமாகப் பழகிவிட்டு வந்தார்கள். பழகுவதற்கு அது நல்ல வாத்தியார். போனில் இடம் மட்டும் கொஞ்சம் அதிகம் கேட்கும். ஆனால் அரீனாவில் இருவர்தான் மோத முடியும், எங்களுக்கு வேண்டியது அங்கே கிடையாது.

எங்களுக்கு வேண்டியது 'டூ-ஹெடட் ஜயன்ட்'. இரட்டைத் தலை ராட்சசன். மேஜிக்கின் அதிகாரபூர்வ விதிப்புத்தகத்திலேயே இருக்கிற, அதிகம் பேர் ஆடாத வடிவம். இருவர் ஒரு அணி. அணிக்கு மொத்தமாக 30 உயிர், இருவருக்கும் பொது. முறையும் பொது. இருவரும் ஒரே நேரத்தில் சீட்டு எடுத்து, ஒரே நேரத்தில் இறக்கி, சேர்ந்து அடிக்க வேண்டும். மானா மட்டும் அவரவருடையது. கடன் கொடுக்க முடியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஜோடியின் கையைப் பார்க்கலாம், பேசலாம், எதிரணிக்கு முன்னாலேயே சதி செய்யலாம்.

நாற்பது வருஷமாக ஜோடியிடம் வாய் திறக்க முடியாமல் புருவத்தாலும் இருமலாலும் காலம் தள்ளிய மனிதருக்கு இது என்ன செய்யும் என்று நினைத்துப் பாருங்கள். "இது என் முறையா, நம்ம முறையா?" என்று முதலில் இரண்டு தடவை கேட்டார். நம் முறை என்று தெரிந்த பிறகு வாய் மூடவே இல்லை. "நீ அந்தக் குள்ளப் பிசாசை முன்னால விடு, நான் பின்னால வரேன்" என்று அக்கா மகளுக்கு உத்தரவு. "ஜேட்டு, அவங்க காதில் விழுது" என்று அவள் பல்லைக் கடிக்கிறாள். விழட்டும் என்கிறார். பாதி பொய் சொல்கிறார் என்று மூன்றாவது ஞாயிறுதான் எனக்குப் புரிந்தது. தன் ஜோடியிடம் சத்தமாகப் பொய்த் திட்டம் பேசி எதிரணியைக் கெடுப்பது எந்த விதிப்புத்தகத்திலும் இல்லாத, சுத்தமான வங்காளத் தந்திரம். எல்லாரும் பேசிக்கொண்டே இருப்பதால் ஒரு ஆட்டம் ஒரு மணி நேரத்தைத் தாண்டும். அட்டாவுக்கு அது குறையே அல்ல.

ஆடிப் பார்த்தால்தான் தெரியும் நுணுக்கங்கள் சில. 'ஒவ்வொரு எதிராளியும் ஒரு உயிர் இழப்பார்' என்கிற மாதிரிச் சீட்டுகள் இந்த வடிவத்தில் இரட்டை வேலை செய்யும்; எதிராளிகள் இருவர், உயிர்க் கணக்கு ஒன்று. இந்தச் சீட்டு விழும் கட்டுகளை ஒரே ஜோடி எடுத்துக்கொள்ள விடாதீர்கள். கட்டுகளைக் கலப்பதிலும் ஒரு எச்சரிக்கை: ஒரே நிறத்தின் இரண்டு கட்டுகளைச் சேர்த்தால் ஆட்டம் வழுக்கிக்கொண்டு போகும், ஆனால் ஆடி முடித்ததும் எந்தச் சீட்டு எந்தக் கட்டு என்று பிரிப்பதற்குள் இரவுச் சாப்பாடு ஆறிவிடும். வெவ்வேறு நிறமாக எடுத்தால் பிரிப்பது நிமிட வேலை. நில வறட்சி, அதாவது கையில் நிலமே வராமல் போவது, மேஜிக்கின் முப்பது வருஷ நோய். லோர்கானாவும் ஒன் பீஸும் அதைக் குணப்படுத்தியிருக்கின்றன, மேஜிக் இன்னும் இல்லை. ஜோடி ஆட்டத்தில் அந்த வலி பாதியாகிறது. ஒருவருக்கு வறட்சி என்றால் மற்றவர் கொஞ்ச நேரம் தாங்குவார்.

குறைகள் சின்னவை அல்ல. சீட்டெல்லாம் ஆங்கிலம், வங்காளத்திலோ தமிழிலோ மேஜிக் அச்சாவதில்லை. ஜேட்டுவுக்குப் பிரச்சினை இல்லை, என் அம்மா உட்கார விரும்பியபோது ஒவ்வொரு சீட்டையும் படித்துச் சொல்ல வேண்டியிருந்தது. இடமும் தின்னும். டுவென்டி நைன் ரயிலில் முழங்கால் மேல் நடக்கும். இது நாலு பேருக்கும் சேர்த்து ஒரு முழுச் சாப்பாட்டு மேஜையைக் கேட்கும். கட்டிலில் ஆடிப் பார்த்தோம். யாராவது அசைந்தால் படை முழுவதும் சரிகிறது. தரையில் மேதினிபூர்க் கோரைப்பாயை விரித்தால் இடம் தாராளம், ஆனால் கோரையின் வரிகளில் படிந்துகொள்ளும் வெறும் சீட்டை நகத்தால் கிளப்ப வேண்டும். மேலே மின்விசிறி சுற்றினால் நிலங்கள் பறக்கும். நிறுத்தினால் நாம் பறந்துவிடுவோம்.

எனவே உறை. கொல்கத்தாவில் உறை என்பது சேகரிப்பாளரின் ஆடம்பரம் அல்ல, அத்தியாவசியம். ஜூனிலிருந்து செப்டம்பர் முடிய இந்த ஊர்க் காற்றில் இருக்கும் ஈரம் அட்டைக்குள் இறங்கிவிடும். பளபளக்கும் ஃபாயில் சீட்டுகளின் கதி இன்னும் மோசம்: அட்டை ஈரத்தைக் குடித்து விரியும், மேலே ஒட்டிய படலம் விரியாது, இரண்டும் இழுத்துக்கொண்டு சீட்டு வில்லாக வளையும். ஃபாயிலுக்கு அதிக விலை கொடுக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். மருந்து டப்பா, செருப்புப் பெட்டிகளில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களை எடுத்துவைத்துச் சீட்டுப் பெட்டியில் போடுங்கள். உறை போட்ட சீட்டு பாயிலிருந்து எளிதாக எழும், விசிறிக் காற்றுக்கும் கொஞ்சம் தாங்கும், டீ சிந்தினாலும் துடைத்துவிடலாம். மேஜிக், போக்கிமோன், ஒன் பீஸ், லோர்கானா எல்லாவற்றுக்கும் அளவு ஒன்றுதான், 63-க்கு 88 மில்லிமீட்டர். யூ-கி-ஓ மட்டும் கொஞ்சம் சின்னது. அதற்கான உறையை மாற்றி வாங்கிவிடாதீர்கள்.

வங்காளத்துக்கே உரிய ஒரு சீட்டுக்கட்டு இருக்கிறது, கைவினைக் கண்காட்சிகளில் பார்த்திருப்பீர்கள். பிஷ்ணுபூரின் தசாவதாரச் சீட்டு. வட்ட வடிவம். அவதாரத்துக்குப் பன்னிரண்டாக 120 சீட்டு. துணியை அடுக்கடுக்காகப் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டி, கையால் வர்ணம் தீட்டுவார்கள். பௌஜ்தார் குடும்பத்தார் இன்றும் வரைகிறார்கள். மல்ல ராஜாக்கள் காலத்தில் அரண்மனையில் ஆடிய விளையாட்டு அது. இன்று வாங்குகிறவர்கள் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுகிறார்கள். ஆடத் தெரிந்தவர்கள் விரல்விட்டு எண்ணும்படிதான். போக்கிமோன் சீட்டைக் கெட்டிப் பிளாஸ்டிக்கில் அடைத்து மதிப்பெண் போட்டு விற்கும் இன்றைய சந்தையைப் பார்க்கும்போது எனக்கு அந்தச் சட்டங்கள்தான் ஞாபகம் வரும். சீட்டு முதலீடா என்று கேட்கிறவர்களுக்கு இந்த விமர்சனத்தில் பதில் இல்லை. எங்கள் சீட்டுகளில் ஏற்கெனவே பொரி, கடலை எண்ணெய் ஏறியாகிவிட்டது.

யாருக்கு இந்தப் பெட்டி வேண்டாம்? இருவர் மட்டும் ஆடுவீர்கள் என்றால் ஒன் பீஸ், அல்லது பிரிண்ட் எடுத்த நெட்ரன்னர். குழந்தையோடு என்றால் போக்கிமோன். மூவர் என்றால் லோர்கானா. மேஜிக்கில் மூவர் உட்கார்ந்தால் இருவர் சேர்ந்து ஒருவரை மிதிப்பார்கள், வீட்டுக்குப் போகும்போது முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். நாலு பேர் தனித்தனியே மோத ஆசைப்பட்டால் 100 சீட்டும் 40 உயிரும் கொண்ட 'கமாண்டர்' வடிவம் இருக்கிறது. உலகம் முழுக்க நண்பர்கள் கூடினால் இன்று அதைத்தான் ஆடுகிறார்கள். தயார் கட்டுகளும் கிடைக்கும். ஆனால் நாலு கட்டு வாங்க வேண்டும், ஒவ்வொன்றிலும், அடிப்படை நிலங்கள் தவிர, அத்தனையும் வெவ்வேறான சீட்டுகளைப் படிக்க வேண்டும். புதியவர்களுக்கு முதல் நாளே அதைக் கொடுப்பது கொடுமை.

பத்துக் கட்டுகளும் பழகிப்போய்ச் சலிப்புத் தட்ட எங்களுக்குச் சில மாதங்கள் ஆயின. அதன் பிறகும் பூஸ்டர் பக்கம் போகவில்லை. 'ஜம்ப்ஸ்டார்ட்' என்ற பெயரில் இதே 20 சீட்டுக் கணக்கில் தனிப் பாக்கெட்டுகள் விற்கிறார்கள். உள்ளே எந்த இனம் என்பது மட்டும்தான் அதிர்ஷ்டம், கட்டு உருப்படியாக இருக்கும். ஒருவர் பிறந்தநாளுக்கு ஒன்று என்று சேர்த்துக்கொண்டு வருகிறோம். வாங்கப் போகிறவர்களுக்குக் கடைசியாக ஒரு கடைக் குறிப்பு: பெட்டியில் மொத்தம் 200 சீட்டு, நூறு உறை கொண்ட இரண்டு பொட்டலம் சரியாகப் போதும். இரண்டும் ஒரே நிறமாக, ஒரே நாளில், ஒரே கடையில் வாங்குங்கள். கட்டுகளைக் கலந்து ஆடும்போது முதுகின் நிறம் ஒரு சாயல் மாறினாலும் ஜேட்டு மாதிரியான ஆட்கள் கண்டுபிடித்துவிடுவார்கள்.